140 டாக்எக்ஸ் கோப்புகள், ஒரு இணையக் கையேடு: எந்த ஃபார்மட், எந்தக் கருவி?

கையேட்டுக்காரன்

வணக்கம் நண்பர்களே. எங்கள் மென்பொருளின் பயனர் கையேடு முழுவதும் 140 டாக்எக்ஸ், அதாவது சொற்செயலிக் கோப்புகளில் கிடக்கிறது. எட்டு வருடமாக யார் யாரோ எழுதியது. நிறுவல் அத்தியாயம் மட்டும் மூன்று கோப்புகளில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டிலும் இல்லாத ஒரு பத்தி உண்டு, அதனால் எதையும் அழிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. இதுவரை எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கித் தளத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். பயனர்கள் கேட்பதும் நியாயம்தான்: ஃபோனில் படிக்க முடியவில்லை, "பக்கம் 47ஐப் பார்க்கவும்" என்கிறீர்களே, அந்த இடத்துக்கு நேராக ஒரு லிங்க் தரக்கூடாதா, கட்டளையை காப்பி செய்து ஒட்டினால் ஏன் ஓடவில்லை.

எழுதுகிறவர்கள் ஐந்து பேர், அதில் இரண்டு பேர்தான் நிரலாளர்கள். கையேடு தமிழில், கட்டளைகளும் மெனுப் பெயர்களும் மட்டும் ஆங்கிலத்தில். தளத்தில் தனித்தனிப் பக்கங்களாக வர வேண்டும். பிடிஎஃப்பும் வேண்டும், சிலர் அச்சிட்டு வைத்துக்கொள்கிறார்கள். இணைய இணைப்பே இல்லாத கணினியிலும் திறக்க வேண்டும்.

சொற்செயலியிலேயே "வலைப்பக்கமாகச் சேமி" கொடுத்துப் பார்த்தேன். வந்த எச்டிஎம்எல்லை (வலைப்பக்கத்தின் மூல உரை) திறந்தேன், உடனே மூடிவிட்டேன். எழுத்தைவிட ஸ்டைல் அதிகம். எங்கே தொடங்குவது?

நிரல்நரி

எழுத மார்க்டவுன் (வெறும் உரையில் சின்னக் குறிகள் போட்டு எழுதும் முறை), அதைத் தளமாக்க எம்கேடாக்ஸ். ஒரு மதிய நேர வேலை. அடுத்த கேள்வி?

பழைய_முனையம்

அடுத்த கேள்வி: எந்த மார்க்டவுன்?

சண்டைக்காகக் கேட்கவில்லை. 2004ல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுனில் அட்டவணை கிடையாது, அடிக்குறிப்பு கிடையாது, "எச்சரிக்கை" பெட்டி கிடையாது. கறாரான இலக்கணமும் கிடையாது, இருந்தது ஒரு விளக்கப் பக்கமும் ஒரு பெர்ல் நிரலும்தான். அவரவர் தேவைக்கு அவரவர் சேர்த்துக்கொண்டார்கள். 2014ல் காமன்மார்க் வந்து அடிப்படை இலக்கணத்தை ஒழுங்குபடுத்தியது, ஆனால் அதிலும் அட்டவணை இல்லை. நிரல் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன்னுடைய வகைக்கு 2017ல் தனி இலக்கணம் எழுதியது, அதில் அட்டவணை உண்டு. எம்கேடாக்ஸ் பயன்படுத்துவது பைதான்-மார்க்டவுன் என்ற நிரலை. அது காமன்மார்க்கைப் பின்பற்றுவதில்லை, 2004 விதிகளின் வழியில் வருவது.

இதெல்லாம் வரலாற்றுப் பாடம் என்று நினைக்காதீர்கள். ஒரு பத்தி எழுதி, வெற்று வரி விடாமல் அடுத்த வரியிலேயே புள்ளிப் பட்டியல் தொடங்குங்கள். கிட்ஹப் முன்னோட்டத்தில் அழகாகப் பட்டியலாகத் தெரியும். அதே கோப்பு எம்கேடாக்ஸில் போனால் பட்டியல் முழுக்கப் பத்தியோடு ஒட்டிக்கொண்டு ஒரே கொழுக்கட்டையாக வரும். பட்டியலுக்குள் பட்டியல் வைத்தால் அங்கே இரண்டு இடைவெளி போதும், இங்கே நான்கு வேண்டும். நிரலாளர் அல்லாத மூன்று பேர் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு "சரியாகத்தானே இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள், தளத்தில் உடைந்திருக்கும், யார் மேலும் தப்பு சொல்ல முடியாது.

கருவியை அப்புறம் பார்க்கலாம். முதலில் இவற்றைச் சொல்லுங்கள். ஒரே பத்தி பல இடங்களில் வர வேண்டுமா? பழைய பதிப்புகளின் கையேடும் தளத்தில் நிற்க வேண்டுமா? பத்து வருடம் கழித்து இந்தக் கருவி செத்துப்போனால் உரையை எப்படி வெளியே எடுப்பீர்கள்? மூன்றாவதற்குத்தான் யாரும் பதில் வைத்திருப்பதில்லை.

வெள்ளைத்தாள்

நான் நிரலாளர் இல்லை, பதினைந்து வருடமாகக் கையேடு எழுதுகிறவள். அந்த "மூன்று பேர்" பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

இந்த மாதிரிக் கேள்விகளில் எப்போதும் நடப்பது இதுதான். கிட் (யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கருவி) தெரிந்த இரண்டு பேர் தங்களுக்கு வசதியானதைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்ற மூன்று பேர் முதல் மாதம் கஷ்டப்பட்டு எழுதுவார்கள், இரண்டாம் மாதம் "நீங்களே ஏற்றிவிடுங்கள்" என்று டாக்எக்ஸ் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவார்கள், மூன்றாம் மாதம் எழுதுவதையே விட்டுவிடுவார்கள். ஃபார்மட் சுத்தமாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

டாக்எக்ஸ் ஒன்றும் பாவம் செய்யவில்லை. அதன் பெயரின் பின்னொட்டை மட்டும் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எக்ஸ்எம்எல்தான் (குறிகளோடு கூடிய உரை) இருக்கிறது. தலைப்புகளுக்குத் தலைப்பு ஸ்டைல், கட்டளைக்குக் கட்டளை ஸ்டைல் என்று ஒழுங்காகப் போட்டு எழுதியிருந்தால், அதுவும் கட்டமைப்புள்ள ஆவணம்தான். பேன்டாக் என்ற ஃபார்மட் மாற்றும் கருவியை வைத்து ஒவ்வொரு முறையும் எச்டிஎம்எல் ஆக்கிக்கொள்ளலாம். எழுதுகிறவர்களை ஏன் இடம்பெயர்க்க வேண்டும்?

கையேட்டுக்காரன்

"ஒழுங்காகப் போட்டு எழுதியிருந்தால்" என்ற இடத்தில்தான் அம்மா எங்கள் கதை கெட்டுப்போகிறது. சும்மா பத்துக் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டில்தான் தலைப்பு ஸ்டைல் இருந்தது. மற்ற எட்டிலும் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி "தலைப்பு" செய்திருக்கிறார்கள். ஒருவர் எண் வரிசையைக் கையாலேயே தட்டியிருக்கிறார், 4க்கு அடுத்து 6.

சும்மா_படிப்பவன்

5 அடுத்த பதிப்பில் வரும்.

அடைப்புக்குறி

வெள்ளைத்தாள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எழுதுகிறவர் ஓடிவிட்டால் எந்த ஃபார்மட்டாலும் பயனில்லை. ஆனால் டாக்எக்ஸை மூலமாக வைத்துக்கொண்டால் யார் எதை எப்போது மாற்றினார் என்பதை கிட்டில் வரிவரியாகப் பார்க்க முடியாது, அது கிட்டுக்கு ஒரு ஜிப் மூட்டை, அவ்வளவுதான். அந்த மூன்று நிறுவல் அத்தியாயங்களும் அப்படிப் பிறந்தவைதானே. இரண்டு பேர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திருத்த வழியில்லை, ஆளுக்கொரு நகல் எடுத்தார்கள்.

என் ஓட்டு ஆஸ்கிடாக்குக்கு. 2002ல் டாக்புக் என்ற கையேட்டு எக்ஸ்எம்எல் ஃபார்மட்டைக் கையால் எழுத மாட்டாமல் பிறந்த ஃபார்மட் இது. டாக்புக்கின் கட்டமைப்பை வெறும் உரையில் எழுதுவதுதான் இதன் நோக்கமே. 2013ல் வந்த ஆஸ்கிடாக்டர் என்ற கருவிதான் இப்போது எல்லோரும் பயன்படுத்துவது. எச்சரிக்கைப் பெட்டி, அட்டவணைக் கட்டத்துக்குள் பட்டியல், ஒரு கோப்பை இன்னொன்றுக்குள் இழுப்பது, பதிப்பு எண்ணை ஒரு மாறியில் வைத்து எல்லா இடத்திலும் மாற்றுவது, எல்லாம் மொழியிலேயே இருக்கிறது, தனிச் செருகுநிரல் தேட வேண்டாம். உங்கள் நிறுவல் பத்தியை ஒரே கோப்பில் வைத்து மூன்று இடங்களில் இழுத்துக்கொள்ளலாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து வெளியிடும் உருப்படியான கருவி என்று பார்த்தால் ஆஸ்கிடாக்டர் ஒன்றுதான். புதிதாக வருகிறவருக்கு மார்க்டவுன் எங்கேயோ தெரிந்திருக்கும், இது தெரிந்திருக்காது.

நிரல்நரி

அதுதான் என் வாதம். அரட்டைச் செயலியில் நட்சத்திரக் குறி போட்டுத் தடிமன் ஆக்கத் தெரிந்தவருக்கு மார்க்டவுனில் பாதி தெரிந்துவிட்டது. முனையம் சொன்ன "எந்த மார்க்டவுன்" பிரச்சினைக்கு விடை எளிது: தளம் பயன்படுத்தும் அதே கருவியின் முன்னோட்டத்தை மட்டும் பாருங்கள், கிட்ஹப் முன்னோட்டத்தை நம்பாதீர்கள். அப்புறம், மார்க்டவுனுக்குள் நிரல் துண்டுகளைக் கலக்கும் எம்டிஎக்ஸ் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், வேறு கருவிக்கு மாறும் நாளில் எல்லாப் பக்கத்தையும் கையால் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

பழைய_முனையம்

நரியோடு கடைசி வரியில் உடன்படுகிறேன், இதைத் தேதி போட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்ஃபிங்ஸ் ஆள், அதுவும் உரைக் கோப்புகளைத் தளமாக்கும் கருவிதான். பைதான் நிரல்மொழியின் ஆவணங்கள் 2007ல் லாடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு முறையிலிருந்து ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்ற வெறும் உரை முறைக்கு மாறியபோது அதற்காக எழுதப்பட்டு, 2008ல் பொதுவாக வெளிவந்தது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: குறுக்குச் சுட்டிகள். ஒரு பகுதிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு எங்கிருந்தும் அந்தப் பெயரால் சுட்டலாம். கோப்பை இடம் மாற்றினாலும் சுட்டி உடையாது. பெயரையே அழித்துவிட்டால் தளம் கட்டும்போது எச்சரிக்கை வரும். எச்சரிக்கையைப் பிழையாகவே கருதச் சொல்லி ஒரு விருப்பக் குறியும் உண்டு, அதைப் போட்டுவிட்டால் உடைந்த சுட்டியோடு தளம் வெளியே போகவே முடியாது. "பக்கம் 47ஐப் பார்க்கவும்" என்று 140 கோப்புகளில் எத்தனை இடத்தில் இருக்கிறதோ, அவை அத்தனைக்கும் இது வேண்டும்.

ஆனால் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டைத் தமிழில் எழுதுவது கொஞ்சம் வேதனை என்பதை மறைக்க மாட்டேன். அதில் தலைப்புக்குக் கீழே சமக்குறிகளால் கோடு போட வேண்டும், கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது. கண்ணால் பார்த்துச் சரியாகப் போட்டிருப்பீர்கள், "கோடு குட்டை" என்று திட்டும். காரணம், கால், கொம்பு, கொக்கி எல்லாவற்றையும் அது தனி எழுத்தாக எண்ணுகிறது. என் வழி: தலைப்பு எதுவானாலும் அறுபது சமக்குறி.

இல்லையென்றால் மிஸ்ட் என்ற மார்க்டவுன் வகை இருக்கிறது. எழுதுவது காமன்மார்க், பின்னால் ஸ்ஃபிங்ஸின் சுட்டிகளும் பெட்டிகளும் அப்படியே கிடைக்கும்.

எழுத்துரு

நல்லவேளை தமிழ் என்ற பேச்சு வந்தது. கருவி எதுவானாலும் தமிழில் வெளியிடும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நான் விழுந்து எழுந்திருக்கிறேன்.

முதலில் தலைப்புச் சுட்டிகள். "நிறுவல்" என்ற தலைப்புக்கு லிங்க் தர வேண்டுமானால் கருவி அந்தத் தலைப்பிலிருந்து ஒரு ஐடி, அதாவது லிங்க்கில் வரும் அடையாளப் பெயர், உண்டாக்கும். பைதான்-மார்க்டவுன் இயல்பாக ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்) அல்லாத எழுத்துகளை எல்லாம் வீசிவிடும். தமிழ்த் தலைப்பில் மிஞ்சுவது பூஜ்யம், அதனால் ஐடி வெறும் அடிக்கோடு, 1, 2, 3 என்று வரிசை எண்ணாக வரும். நடுவில் ஒரு தலைப்பைச் சேர்த்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப்போகும், வெளியே யாரோ பகிர்ந்து வைத்த லிங்க் எல்லாம் வேறு பகுதிக்குப் போய் நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. சரி, யூனிகோட் ஐடி வேண்டும் என்று அமைப்பை மாற்றினால் அடுத்த வேடிக்கை. பைதானின் ரெகெக்ஸ் (உரையில் எழுத்து வரிசைகளைத் தேடும் விதி) "சொல்லெழுத்து" என்று ஏற்பதில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சேராது. "தமிழ்" என்பது "தமழ" ஆகிவிடும். "நிறுவல்" போய் "நறவல". படிக்கவும் முடியாது, இரண்டு வேறு தலைப்புகள் ஒரே ஐடிக்குச் சுருங்கவும் வாய்ப்பு உண்டு. தீர்வு ஒன்றுதான்: சுட்டப்படும் ஒவ்வொரு தலைப்புக்கும் ஐடியை நீங்களே கையால் எழுதுங்கள், சின்ன ஆங்கிலச் சொல்லாக. எந்தக் கருவிக்கு மாறினாலும் அது அப்படியே வரும்.

இரண்டாவது தேடல். இதே வெட்டு அங்கேயும் நடக்கிறது. ஸ்ஃபிங்ஸ் தேடல் பட்டியலை உண்டாக்கும்போது சொற்களைப் பிரிக்க அதே ரெகெக்ஸ்தான், கொம்பும் காலும் வரும் இடத்தில் சொல்லை இரண்டாக வெட்டும். ஸ்ஃபிங்ஸ் தேடலோடு வரும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ்ச் சொற்கள் சரியாகவே பிரிந்து நின்றாலும் இன்னொரு சிக்கல் பாக்கி: படிப்பவர் "கோப்பு" என்று தேடுவார், பக்கத்தில் "கோப்பில்", "கோப்புகளை", "கோப்பிலிருந்து" என்று இருக்கும். வேற்றுமை உருபை உரித்துத் தேடும் கருவி வேண்டும், அல்லது குறைந்தபட்சம் சொல்லின் தொடக்கத்தை வைத்துத் தேடுவது.

சும்மா_படிப்பவன்

"கோப்பை" என்று தேடினால் தேநீர் வருமா, ஃபைல் வருமா?

எழுத்துரு

உருபு உரிக்கும் நிரல் எழுதியபோது எனக்கு வந்த அதே சந்தேகம். இரண்டும் வரும். கையேட்டில் தேநீர் இல்லாததால் தப்பித்தேன்.

மூன்றாவது பிடிஎஃப், இதுதான் பெரிது. பிடிஎஃப் என்பது 1993ல் அடோபி வெளியிட்டது, 2008ல் ஐஎஸ்ஓ தரமானது, ஆனால் அதன் பிறவிக் குணம் மாறவில்லை: தாளில் எந்த வடிவம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதுதான் அதற்கு முக்கியம், எழுத்து என்னவென்பது இரண்டாம் பட்சம். "கொ" என்று எழுதினால் தாளில் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று வடிவம் இந்த வரிசையில் விழும். யூனிகோடில் இருப்பதோ க, அப்புறம் ஒகரக் குறி. பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்யும்போது வடிவங்கள் விழுந்த வரிசையில் வெளியே வரும், கொம்பு முன்னால் தொங்கிக்கொண்டு நிற்கும். அதைத் தேடினால் கிடைக்காது, திரைவாசிப்பானுக்குக் கொடுத்தால் உளறும். உண்மையான எழுத்து இன்னதென்று பிடிஎஃப்புக்குள்ளேயே குறித்துவைக்க ஒரு வசதி உண்டு, எல்லாக் கருவியும் அதை எழுதுவதில்லை. ஆகவே எந்தக் கருவியைச் சோதித்தாலும் "பெரிய கோப்பு, தொடர்பு, கேள்வி" என்ற நாலு சொல்லை பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்து ஒரு வெறும் உரைக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, உங்கள் பழைய கோப்புகளில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியவை உண்டா? எழுத்துருவை மாற்றினால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக் குப்பை தெரிந்தால் அது அந்த வகை. அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் பேன்டாக்கில் போட்டால் குப்பைதான் வரும்.

கையேட்டுக்காரன்

உண்டு. பதினோரு கோப்புகள். இப்போதுதான் கவனித்தேன், வயிறு கலங்குகிறது.

வார இறுதியில் இருபது கோப்புகளை பேன்டாக்கில் போட்டு மார்க்டவுனாக எடுத்துப் பார்த்தேன். கிடைத்த அனுபவம்: தலைப்பு ஸ்டைல் இருந்த கோப்புகள் அச்சு அசலாக வந்தன. தடிமன் "தலைப்புகள்" எல்லாம் தடிமன் பத்தியாகவே வந்தன, அதனால் முதலில் சொற்செயலியிலேயே ஒரு மேக்ரோ ஓட்டி அவற்றைத் தலைப்பு ஸ்டைல் ஆக்கினேன், அது மார்க்டவுனில் திருத்துவதைவிடச் சுலபமாக இருந்தது. கட்டங்களை இணைத்துப் போட்ட அட்டவணைகள் எச்டிஎம்எல் ஆகவே வந்து நிற்கின்றன. படங்களைத் தனி ஃபோல்டருக்கு எடுக்கும் விருப்பம் பேன்டாக்கிலேயே இருக்கிறது, ஆனால் வந்த பெயர்கள் எல்லாம் படம் 1, படம் 2 என்ற ரகம்.

கட்டளைகள் ஏன் ஓடவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. சொற்செயலி தானாகத் திருத்துகிறேன் என்று நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும், அடுத்தடுத்த இரண்டு சிறுகோடுகளை ஒரு நீளக் கோடாகவும் மாற்றி வைத்திருக்கிறது. இருபது கோப்பில் 37 இடம். எட்டு வருடமாக "பயனருக்குக் காப்பி செய்யத் தெரியவில்லை" என்று பதில் எழுதிக்கொண்டிருந்தோம்.

வெள்ளைத்தாள்

சரி, அந்த 37 என் வாயை அடைத்துவிட்டது. கட்டளைகள் நிறைந்த கையேட்டுக்குச் சொற்செயலி வேண்டாம்.

ஆனால் உலாவியிலேயே எழுதிச் சேமிக்கும் ஆவணச் சேவைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே? விக்கி மாதிரி. எழுதுகிறவர்களுக்கு அதுதான் மிக எளிது. நானே நான்கு வருடம் ஒன்றில் எழுதினேன். கெட்ட அனுபவத்தையும் சொல்லிவிட வேண்டும்: வெளியேற வேண்டிய நாள் வந்தபோது ஏற்றுமதிப் பொத்தான் பிடிஎஃப் மட்டும்தான் தந்தது. எச்டிஎம்எல்லை நாங்களே பக்கம் பக்கமாக இறக்கினோம். பக்கங்களுக்கு இடையிலான சுட்டிகளில் எங்கள் தலைப்புகளே இல்லை, அவர்களுடைய உள் எண்கள்தான். மூன்று பேர், ஒன்றரை மாதம். எனவே சேர்வதற்கு முன்னால், முதல் நாளே, பத்துப் பக்கம் எழுதி ஏற்றுமதி செய்து பாருங்கள்.

அடைப்புக்குறி

முனையத்தின் மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உங்கள் எழுத்தாளர்களுக்கு ஒரு இடைவழி உண்டு. கிட் சேவைகள் பெரும்பாலும் உலாவியிலேயே கோப்பைத் திருத்தும் வசதி தருகின்றன. பக்கத்தின் மேலே "இதைத் திருத்து" என்று ஒரு சுட்டி வைத்துவிட்டால் அழுத்தி, திருத்தி, சேமித்துவிடலாம், கிட் கட்டளை ஒன்றும் தெரிய வேண்டாம். நிரலாளர் ஒருவர் பார்த்துவிட்டு இணைப்பார். ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் என்று எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் பத்தியாகத்தான் தெரியும், ஆனால் மாற்றங்களைப் பார்க்கும்போது எந்த வாக்கியம் மாறியது என்று பளிச்சென்று தெரியும்.

நிரல்நரி

பிடிஎஃப்புக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? பழைய பதிவுகள் பலவற்றில் டபிள்யூகேஎச்டிஎம்எல்டூபிடிஎஃப் என்று ஒரு கருவியைச் சொல்வார்கள், அதைத் தொடாதீர்கள், அதன் களஞ்சியமே 2023ல் காப்பகமாக்கப்பட்டுவிட்டது, உள்ளே இருப்பதும் காலாவதியான உலாவி எந்திரம். எச்டிஎம்எல்லிலிருந்து பிடிஎஃப் எடுக்க நான் வீஸிபிரிண்ட் பயன்படுத்துகிறேன். அச்சுக்கான சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்ற விதிகள்) எழுதினால் "பக்கம் இத்தனையைப் பார்க்கவும்" என்று பக்க எண்ணையும் தானாகப் போடும். தமிழை ஒழுங்காகச் சேர்த்து வரைகிறது.

பழைய_முனையம்

ஸ்ஃபிங்ஸ் வழியாக ஸீலாடெக் (லாடெக்ஸின் யூனிகோட் வகை) போவதும் உண்டு, வரும் தாள் அழகாக இருக்கும். ஆனால் கட்டளைப் பெட்டிக்குள் தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தால், சம அகல எழுத்துருவில் தமிழ் எழுத்து இல்லாமல் வெறும் கட்டங்களாக வரும், அதற்குத் தனியாக எழுத்துரு சொல்ல வேண்டும். ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். ஆனால் அந்த ஒருமுறைக்கு இரண்டு நாள் போகும்.

இணையம் இல்லாத கணினி என்று சொன்னீர்களே, அதை மறந்துவிட்டு எல்லோரும் பேசுகிறோம். தளத்தை ஜிப்பாகக் கொடுத்து நேராக எச்டிஎம்எல் கோப்பைத் திறந்தால், உலாவிகள் பாதுகாப்புக்காக ஒரு பக்கம் வட்டிலுள்ள இன்னொரு கோப்பைத் தானாகப் படிப்பதைத் தடுத்துவிடும். எம்கேடாக்ஸின் இயல்பான தேடல் அங்கே இயங்காது. ஃபோல்டர் பெயரால் முடியும் சுட்டிகளும் பக்கத்தைத் திறக்காமல் கோப்புப் பட்டியலைக் காட்டும், அதற்கு ஒரு அமைப்பை மாற்ற வேண்டும். ஸ்ஃபிங்ஸ் தேடல் பட்டியலை ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகவே எழுதிவைப்பதால் வட்டிலிருந்தும் ஓடும். தமிழை வெட்டுகிறது என்பது தனிப் பிரச்சினை.

எழுத்துரு

அதனால்தான் தேடலை மட்டும் நம்பாமல் ஒரு சொல்லடைவு வையுங்கள் என்பேன். புத்தகத்தின் கடைசியில் இருக்குமே, அது. ஸ்ஃபிங்ஸில் அதற்குக் கட்டளையே உண்டு, ஆஸ்கிடாக்கிலும் குறிக்கலாம். இந்தச் சொல்லுக்கு இந்த இடம் என்று எழுதுகிறவர் முடிவு செய்வதால் உருபுச் சிக்கல் இல்லை. வட்டிலும் ஓடும், தாளிலும் ஓடும்.

ஒரே ஒரு எரிச்சல்: வரிசை. யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. குறியெண்படி அடுக்கினால் "அனுமதி" முதலில் வரும், "அமைப்பு" பின்னால் வரும். நம் அகராதி வரிசையில் ன கடைசி மெய், அமைப்புதான் முதலில். வரிசையாக்க நிரலில் பத்து வரி சேர்த்தால் சரியாகிவிடும். சேர்க்காவிட்டால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று போய்விடுவார்கள்.

அடைப்புக்குறி

படங்களைப் பற்றி ஒரு வரி: திரைப்பிடிப்புக்குப் பிஎன்ஜி, ஜேபெக் வேண்டாம், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும். வரைபடத்துக்கு எஸ்விஜி. கட்டளையையோ பிழைச் செய்தியையோ படமாகப் போட்டால் தேடலில் வராது. அவ்வளவுதான்.

கையேட்டுக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

எடுத்த முடிவு: மூலம் மிஸ்ட் மார்க்டவுன், கருவி ஸ்ஃபிங்ஸ், பிடிஎஃப்புக்கு வீஸிபிரிண்ட். ஆஸ்கிடாக்கை ஐந்து பேரும் ஒரு நாள் முயன்று பார்த்தோம், அடைப்புக்குறி சொன்ன வசதிகள் உண்மையாகவே நன்றாக இருந்தன, ஆனால் மூன்று பேரில் இருவருக்கு மார்க்டவுன் ஏற்கெனவே கைக்கு வந்திருந்தது, அதற்கு மேல் வாதாட முடியவில்லை. அடிப்படை காமன்மார்க்கைத் தாண்டி நான்கே நான்கு அம்சங்களுக்குத்தான் அனுமதி: அட்டவணை, எச்சரிக்கைப் பெட்டி, கோப்பு இழுப்பது, பெயர்ச் சுட்டி. நாளை கருவி மாறினால் இந்த நான்கை மட்டும் மாற்றினால் போதும். இணைத்த கட்டம் உள்ள அட்டவணைகளைப் பிரித்து எளிதாக்கிவிட்டோம், பல அட்டவணைகள் அட்டவணையாகவே இருந்திருக்க வேண்டாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாத் தலைப்புக்கும் கையால் ஐடி. நாலு சொல் சோதனையில் "தொடர்பு" மட்டும் முதலில் தோற்றது, எழுத்துருவை மாற்றியதும் தேறிவிட்டது. சொல்லடைவை வெள்ளைத்தாள் அம்மா சொன்ன "மூன்று பேர்"தான் செய்கிறார்கள், நிரலாளர்களைவிட அவர்களுக்குத்தான் பயனர் எந்தச் சொல்லால் தேடுவார் என்று தெரிகிறது.

வெள்ளைத்தாள்

மகிழ்ச்சி. அந்த மூன்று பேர் இரண்டாம் மாதமும் எழுதுகிறார்களா என்று வந்து சொல்லுங்கள்.

பழைய_முனையம்

மூன்று நிறுவல் அத்தியாயங்கள் என்ன ஆயின?

கையேட்டுக்காரன்

மூன்றையும் ஒரே கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அந்த மூன்று தனிப் பத்திகளும் மூன்று வேறு ஃபோல்டர்களில் நிறுவச் சொல்கின்றன. எது சரி என்று நிரலாளரைக் கேட்டேன். இரண்டு பதிப்புக்கு முன்பிருந்தே நிறுவி தானாக இடத்தைத் தேர்ந்துகொள்கிறதாம், பயனர் எதுவும் செய்ய வேண்டாமாம். மூன்றையும் அழித்தேன். நிறுவல் அத்தியாயம் இப்போது பதினொரு வரி.

சும்மா_படிப்பவன்

பழைய பிடிஎஃப்பைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டீர்களா?

கையேட்டுக்காரன்

இல்லை. ஐயையோ. இதோ போகிறேன்.